தோழி கூற்று: ஸ்ட்ரிப்பர் பெண்களின் நட்பைச் சொல்லும் என் நாவல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாவலைப் படித்து முடித்தவர்களும், படிக்கலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்காகத்தான் நாவலையே எழுதினேன் என்பதால் அங்கே பதில் நீளும்.

கதை என்ன?

1994 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடக்கிறது. ரூபி, ஜேட், டகோட்டா என்ற மேடைப் பெயர்களில் மூன்று பெண்கள் ஒரே ஸ்ட்ரிப் கிளப்பில் இரவு ஷிஃப்டில் ஆடுகிறார்கள். மூத்தவளுக்கு 24 வயது, இளையவளுக்கு 21. கதையைச் சொல்பவள் டகோட்டா. அந்தக் கிளப் என் கற்பனை. அதைச் சுற்றியிருக்கும் நகரமும் சட்டமும் அக்காலத்துச் சச்சரவுகளும் உண்மை.

முதல் பாதியில் மூவரும் நெருங்குகிறார்கள். ஒப்பனை அறையில் ஒரு கண்ணாடியைப் பங்கு போட்டுக்கொள்வதில் தொடங்கி, ஒரே வீட்டின் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வது வரை வந்து நிற்கிறார்கள். இரண்டாம் பாதியில், கிளப் தங்களிடமிருந்து பிடுங்கும் கட்டணத்தை எதிர்த்து வழக்குப் போடலாம் என்று ரூபி கிளம்புகிறாள். வழக்கு என்றால் உண்மைப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். ஜேடுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளை யார் வளர்ப்பது என்று முன்னாள் கணவனோடு குடும்ப நீதிமன்றத்தில் இழுபறி. தன் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறினால் மறுநாளே மகள் கையை விட்டுப் போய்விடுவாள் என்பது ஜேடின் பயம். ரூபி பக்கமும் நியாயம் இருக்கிறது, ஜேட் பக்கமும் நியாயம் இருக்கிறது. நடுவில் டகோட்டா நிற்கிறாள்.

'ஸ்ட்ரிப்பர்' என்ற சொல்லை அப்படியே ஏன் வைத்தீர்கள்? தமிழில் சொல்லா இல்லை?

முதல் வரைவில் 'ஆடை களையும் நடனக்காரி' என்று எழுதிப் பார்த்தேன். நாலு பக்கம் போவதற்குள் வாக்கியமெல்லாம் மூச்சு வாங்கியது. 'கவர்ச்சி நடன அழகி' என்றால் அது பத்திரிகைச் செய்தி ஆகிவிடுகிறது. நம் நாளிதழ்களில் 'அழகிகள்' என்று பன்மையில் வந்தால் அடுத்து வரும் சொல் 'கைது' அல்லது 'மீட்பு' என்பது எல்லோருக்கும் தெரியும். 'கேபரே' என்றால் பழைய திரைப்படங்களின் வண்ண விளக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. வேலையும் அதுவல்ல.

பழைய சொற்களைத் தேடிப் போனேன். அங்கேதான் நெஞ்சு கனத்தது. விறலி என்பவள் பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய் ஆடியவள். அந்தச் சொல் வழக்கிலேயே இல்லை. கூத்தி என்றால் கூத்தாடுபவள். இன்று அது வாயால் சொல்லக் கூசும் வசை. தேவரடியார் என்பது கல்வெட்டில் மரியாதையோடு பொறிக்கப்பட்ட சொல். அது என்ன ஆயிற்று என்பதை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, தெருச் சண்டையில் கேட்கலாம். ஆடிய பெண்ணைக் குறிக்க நம்மிடம் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக நாமே அழுக்காக்கி வைத்திருக்கிறோம். அவற்றில் ஒன்றை எடுத்து ரூபிக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்கள் வீட்டுக்காரரிடம் தங்களை 'டான்ஸர்' என்று சொல்லிக்கொள்வார்கள். தங்களுக்குள் பேசும்போது 'ஸ்ட்ரிப்பர்' என்பார்கள். நாவல் அவர்கள் தங்களுக்குள் பேசும் இடத்தில் நடப்பதால் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் இந்த வேலை பார்த்திருக்கிறீர்களா?

இல்லை. படிக்கப் போன இடத்தில், ஒன்றரை ஆண்டு காலம் அந்த வேலை பார்த்த ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருந்தேன். விளம்பரம் பார்த்து அறை கேட்டுப் போனபோது அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது முதல் ஒரு வாரம் அவள் குளித்துவிட்டு வந்த குளியலறைக்குள் போகக்கூடத் தயங்கினேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

என் தயக்கம் உடைந்தது ஒரு ராத்திரியில். மணி இரண்டரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறை மேசையில் அவளும் அவளோடு வேலை பார்க்கும் இன்னொருத்தியும். கசங்கிய ஒரு டாலர் நோட்டுகளைத் தலை ஒரே பக்கம் பார்க்கும்படி ஒவ்வொன்றாக நீவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சே இல்லை. ஒருத்தியின் பாதங்கள் பனிக்கட்டி போட்ட வாளிக்குள் இருந்தன. பிறகு அவள் எழுந்து திரும்பி நின்றாள். தொடையின் பின்பக்கம் மேடையில் பிடித்து ஆடும் கம்பத்தில் அழுந்திக் கன்றிப்போய் ஊதா நிறத்தில் ஒரு கை அகலத்துக்குத் தடம். மற்றவள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து மஞ்சள் நிறப் பசையை விரல் நுனியில் எடுத்து அதன் மேல் ஒற்றத் தொடங்கினாள். ஊதாவை மஞ்சள் அடக்கும், சிவப்பாக இருந்தால் பச்சையைத் தடவ வேண்டும் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். நாளைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று இன்றைக்கே பார்த்து வைக்கிறார்களாம்.

அந்தத் தடம் அவள் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. இன்னொருத்தி பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நாவல் அந்த மேசையில் பிறந்தது. எழுதத் தொடங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கிளப்பில் நல்ல சம்பளம் தருவார்கள் அல்லவா? பிறகு எதற்கு வழக்கு?

வாசகர்கள் அதிகம் திகைப்பது இந்த இடத்தில்தான். பெரும்பாலான கிளப்புகளில் ஆடுபவளுக்குச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. ஆடுவதற்காக அவள்தான் கிளப்புக்குப் பணம் கட்டுகிறாள். மேடைக் கட்டணம் என்று அதற்குப் பெயர். அவள் ஊழியர் இல்லை, தனித் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர், எங்கள் மேடையை வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்பது முதலாளிகளின் வாதம். ஒப்பந்தக்காரர் என்கிறார்கள். ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை பாட்டுக்கு மேடையேற வேண்டும், எந்த உயரக் குதிகால் செருப்பு போட வேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் கிளப்தான் தீர்மானிக்கிறது. பெயரில் முதலாளி, நடப்பில் கூலி. கூலிக்காரருக்குச் சட்டம் தரும் குறைந்தபட்ச ஊதியமும் இல்லை, விபத்துக் காப்பீடும் இல்லை.

நாவலில் ரூபி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். ஷிஃப்டுக்கு 60 டாலர் மேடைக் கட்டணம். வேலை முடிந்து கிளம்பும்போது பாட்டு போடும் டிஜேக்குப் பங்கு, வாசலில் நிற்கும் பவுன்சருக்குப் பங்கு. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை இரவு 11 மணிக்கும் அவள் கணக்கு கழித்தல் குறியில்தான் நிற்கிறது. கடன் அடைய வேண்டும் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கொஞ்சம் தயங்க வேண்டும். கட்டணத்தின் உண்மையான கொடுமை அங்கேதான் இருக்கிறது. வாசலைத் தாண்டும்போதே கடனாளியாக நுழைபவளால் 'முடியாது' என்று சொல்வது கஷ்டம்.

கணக்கு என் கற்பனை, வழக்கு கற்பனை இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கிளப்பின் மீது 1994இல் ஆட்டக்காரர்கள் இதே காரணத்துக்காக வழக்குத் தொடுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சார்பில் நடந்த அந்த வழக்கு 1998இல் 28.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இப்படி ஆடுவது அங்கே சட்டப்படி குற்றமில்லையா?

குற்றமில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் முழு நிர்வாணமாக ஆடும் கிளப்பில் மது விற்கக் கூடாது. நாவலில் வருபவர்கள் பழச்சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த நடனமும் கருத்து வெளிப்பாட்டின் விளிம்பில் வரத்தான் செய்கிறது, ஆனாலும் சிறு துணியாவது கட்டியிருக்க வேண்டும் என்று மாநிலம் கட்டளையிடலாம் என்றது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு அது.

ஒரே வாடிக்கையாளர்களை நம்பிப் பிழைப்பவர்கள் போட்டியாளர்கள்தானே? அங்கே நட்பு எப்படி வரும்?

போட்டி உண்டு. நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில், ஜேடுக்கு வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவரை ரூபி அறியாமல் அழைத்துப் போய்விடுகிறாள். அன்று ஒப்பனை அறையில் ஜேட் ரூபியின் பூட்டுக்குப் பசை வைத்துவிடுகிறாள். அந்த அளவுக்குப் போகும்.

ஆனால் வேலையின் அமைப்பையும் பாருங்கள். மேடைக்குப் போகுமுன் உடம்பின் பின்பக்கத்தை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களில் டாம்பன் நூலைக் கத்தரித்துவிட்டு, வெளியே தெரிகிறதா என்று இன்னொருத்தியிடம் காட்டிக் கேட்க வேண்டும். இதைத் தாயிடம்கூடக் கேட்டிருக்க மாட்டாள். எந்த மேசையில் இருப்பவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான் என்பதை அவளுக்கு முன் ஆடியவள்தான் சொல்ல முடியும். தனி அறைக்குள் போனவள் இரண்டு பாட்டு முடிந்தும் திரும்பவில்லை என்றால், கதவருகே போய் நின்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிட வேண்டும். விடியற்காலையில் வண்டி நிறுத்துமிடம் வரை ஒன்றாக நடக்க வேண்டும். உயிரும் உடம்பும் இவ்வளவு தூரம் இன்னொருத்தி கையில் இருக்கிற வேலையில் நட்பு ஓய்வு நேரத்துச் சமாச்சாரமாக இருக்க முடியாது. அது வேலையின் ஒரு பாகம், கம்பத்தை ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு ஏறுவதைப் போல.

ஜேடும் ரூபியும் சண்டை போட்ட அதே இரவில், மேடையேறும் முன் ரூபி முதுகைத் திருப்பி நிற்கிறாள். ஜேட் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு "சரியா இருக்கிறது, போ" என்கிறாள். பல வாசகர்கள் அந்த வரியைப் பற்றி எழுதியிருந்தார்கள். எனக்கும் அதுதான் பிடித்த வரி.

ஒப்பனை அறையில் இருக்கும் அந்த முதியவள் யார்?

பல கிளப்புகளில் ஒப்பனை அறையைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் இருப்பாள். 'ஹவுஸ் மாம்' என்று அழைப்பார்கள். பெரும்பாலும் தானும் ஒரு காலத்தில் ஆடியவள். ஊசி நூல், ஒட்டுநாடா, தலைவலி மாத்திரை, ஹேர்ஸ்பிரே எல்லாம் அவளிடம் இருக்கும். அழுதால் மடியும் உண்டு. அவளுக்கும் கிளப் சம்பளம் தராமல், பெண்கள் தரும் பங்கிலேயே பிழைப்பு ஓடுவது உண்டு.

அவளை எழுதும்போது எனக்குத் தமிழ் கைகொடுத்தது. சங்கக் காதல் பாடல்களான அகப்பாட்டில் நற்றாய் வேறு, செவிலித்தாய் வேறு. பெற்றவளுக்குத் தெரியாதது வளர்த்தவளுக்குத் தெரியும். தோழி அந்தச் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஏற்பாடு சான்பிரான்சிஸ்கோ கிளப்பின் ஒப்பனை அறையில் அப்படியே இருக்கிறதே என்று வியந்துபோனேன். நாவலில் பெண்கள் அவளை 'அம்மா' என்றே அழைக்கிறார்கள். அம்மாவைக் குறித்து அங்கே ஆங்கிலத்தில் வழங்கும் 'மாமா' என்ற அழைப்பைத் தமிழில் எழுதினால் பொருள் எங்கேயோ போய்விடும் என்பதால் அதைத் தொடவில்லை.

மூவரின் உண்மைப் பெயர்களையும் கடைசி வரை மறைத்திருப்பது ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் நாவலை எழுதினேன்.

கிளப்பில் ஒவ்வொரு இரவும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உன் உண்மையான பெயர் என்ன?" உடம்பைப் பார்த்தாகிவிட்டது, இனி அதையும் கொடு என்று கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் அதற்காகவே இரண்டாவது பொய்ப் பெயர் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்கள். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, அந்தப் பொய்ப் பெயரைச் சொல்வார்கள். கேட்டவன் தனக்கு மட்டும் ரகசியம் கிடைத்துவிட்டதாகப் பூரித்துப்போவான். என்னோடு இருந்தவளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் எவ்வளவு நம்பும்படி சொல்வாள் என்றால், ஒருநாள் எனக்கே எது உண்மை என்று குழம்பிவிட்டது.

ஆக, அங்கே ஒரு பெண்ணிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆடை அவள் பெயர். அதை யாரிடம் கழற்றி வைக்கிறாள் என்பதுதான் நட்பு. டகோட்டாவுக்கு ஜேடைத் தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவள் மகளுக்குத் தலைவாரிவிட்டிருக்கிறாள். பெயர் மட்டும் தெரியாது. ஜேட் கம்பத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் இரவில், படிவத்தோடு நிற்கும் தாதி "பெயர்?" என்று கேட்கிறாள். வாயைத் திறந்த டகோட்டாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஜேடின் கைப்பையைத் திறந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து, அதைத் தான் படிக்காமல், எழுத்துப் பக்கத்தைத் தாதியின் பக்கமாகத் திருப்பிக் காட்டுகிறாள். அந்த அத்தியாயத்தை ஏழு முறை எழுதினேன். ஆறு வடிவங்களில் அவள் படித்துவிடுகிறாள். ஏழாவதில்தான் படிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

அகத்திணையில் வரும் மாந்தருக்குப் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி, தலைவன், தோழி, செவிலி, அவ்வளவுதான். பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. களவு என்னும் ரகசியக் காதல் ஊருக்குத் தெரிந்தால் அலர் என்னும் ஊர்ப்பேச்சு எழும், பெயர் வெளிப்பட்டால் அந்தப் பெண் உயிரோடு இருக்க முடியாது என்பதை நான் புரிந்துகொண்டது அந்தச் சமையலறை மேசையில். தோழி கூற்று என்பது பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லும் கலை. டகோட்டா பேசுவது அந்தக் குரலில்தான்.

இதற்கு நேர் எதிராகவும் நம்மிடம் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு, கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆடியவள் தன் பெயரையும் கூலியையும் கோயில் சுவரிலேயே பார்த்திருக்கிறாள். ரூபி கேட்டதும் அதுதான்: பெயர், கூலி. ஜேட் கேட்டது பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமையை. இரண்டையும் ஒருசேர விரும்புகிறவள் நான். எனக்குப் பக்கம் சாயத் தெரியவில்லை.

நாவலில் வரும் தொழிற்சங்கம் உண்மையா?

உண்மை. சான்பிரான்சிஸ்கோவின் கியர்னி தெருவில் 'லஸ்டி லேடி' என்று ஓர் இடம் இருந்தது. நாணயம் போட்டால் திரை விலகும், கண்ணாடிக்கு அப்பால் பெண்கள் ஆடுவார்கள். அங்கே ஆடியவர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு, அதாவது சட்டப்படி ஊழியர்கள். ஒருபுறம் மட்டும் தெரியும் சில கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து வாடிக்கையாளர்கள் கள்ளத்தனமாகப் படம் எடுக்கிறார்கள் என்பது தெரியவந்தது. நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. கறுப்பினப் பெண்களுக்கு வருமானம் அதிகமுள்ள இடங்களில் ஷிஃப்ட் குறைவு என்ற குமுறலும் சேர்ந்துகொண்டது. 1996இல் வாக்கெடுப்பு நடத்திச் சங்கமானார்கள். 1997இல் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2003இல் அந்த இடத்தை ஊழியர்களே கூட்டுறவாக வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். 2013இல் மூடப்பட்டது.

நாவலில் ரூபி அந்த வாக்கெடுப்புச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, கத்தரித்து ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஒட்டுகிறாள். மறுநாள் அது கிழிக்கப்பட்டிருக்கிறது. கிழித்தது மேலாளர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டகோட்டாவுக்கு மட்டும் சந்தேகம்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது, அதுவும் பெண்கள் தெருவில் நின்றதால். லாஸ் ஏஞ்சல்ஸில் வடக்கு ஹாலிவுட் பகுதியிலுள்ள ஸ்டார் கார்டன் என்ற கிளப்பில் பாதுகாப்புக் குறைகளை எழுப்பியவர்கள் 2022 மார்ச்சில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மாதக்கணக்கில் வாசலில் மறியல் செய்தார்கள். சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்பில், 2023 மே மாதத்தில் எண்ணப்பட்ட வாக்குகளில் ஆதரவு 17, எதிர்ப்பு 0. மேடை நடிகர்களுக்கான சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள். ஒருத்திகூட மாற்றி வாக்களிக்கவில்லை என்பதைப் படித்தபோது நாவலின் இரண்டாம் பாதியை மாற்றி எழுதிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கதை நடப்பது 1990களில், என் பெண்களுக்கு அந்த 17 கிடைக்கவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் 2024 மார்ச்சில் ஆட்டக்காரர்களின் உரிமைகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தனி அறைகளில் அபாய பொத்தான் வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு 150 டாலர், அல்லது அன்று அவள் ஈட்டியதில் 30 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. பாக்கியை அடுத்த நாள் தலையில் ஏற்றக் கூடாது. ரூபியின் நோட்டுப் புத்தகத்தை யாரோ சட்டமன்றத்தில் வாசித்ததுபோல இருந்தது எனக்கு. கலிபோர்னியாவில் 2020 முதல் நடைமுறையிலிருக்கும் சட்டம், ஒருவரை ஒப்பந்தக்காரர் என்று சொல்லிவிட்டுக் கைகழுவுவதைக் கடினமாக்கியிருக்கிறது.

டெக்சாஸ் 2021இலும் புளோரிடா 2024இலும் ஆடுவதற்கான குறைந்தபட்ச வயதை 21 ஆக உயர்த்தின. ஆள்கடத்தலைத் தடுப்பதற்காக என்பது அரசுகள் சொன்ன காரணம். ஏற்கெனவே வேலையிலிருந்த 19, 20 வயதுப் பெண்கள் ஒரே நாளில் வருமானத்தை இழந்து எங்கே போவார்கள் என்ற கேள்வியை ஆட்டக்காரர்கள் எழுப்பினார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள்தானே? ஏன் மீட்கப்படுவதாக எழுதவில்லை?

கட்டாயப்படுத்தி இத்தொழிலில் தள்ளப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அது குற்றம், அதை எழுத வேறு நாவல் வேண்டும். என் மூவரும் தாங்களாக வந்தவர்கள். 'தாங்களாக' என்ற சொல்லுக்குள் வாடகையும் கல்லூரிக் கடனும் குழந்தையும் இருக்கின்றன என்பதை நான் மறைக்கவில்லை. நம்மில் யார்தான் அப்படி வேலைக்குப் போகவில்லை?

மீட்பவர் ஒருவர் கதைக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். அவர்தான் நாயகர் ஆகிவிடுகிறார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டு அவரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். தோழிக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது.

ஆபாசமாக இருக்குமா?

வயது வந்தவர்களுக்கான நாவல். நிர்வாணம் இருக்கிறது, வேலைச் சீருடை இருப்பதைப் போல. கிளர்ச்சிக்காக ஒரு வரி எழுதவில்லை.

ஆண் பாத்திரங்கள் எல்லோரும் நிழலாக இருக்கிறார்களே?

ஒரு பாட்டு மூன்று நான்கு நிமிடம். வந்து போகிறவர்கள் அப்படித்தான் தெரிவார்கள். டிஜே மட்டும் கொஞ்சம் துலக்கமாக வருகிறான், ஏனென்றால் பாட்டை அரை நிமிடம் முன்னதாக வெட்டி, தொல்லை கொடுப்பவனிடமிருந்து ஒருத்தியை விடுவிக்க அவனால் முடியும். பங்கு சரியாக வராத நாளில் வெட்டாமலும் இருக்க முடியும்.

தமிழ்ப் பெண் ஒருத்தியை ஏன் சேர்க்கவில்லை?

சேர்த்திருந்தேன். முதல் வரைவில் நான்கு பேர். படித்துப் பார்த்த அனைவரும் அந்த நான்காவது பெண்ணின் அப்பாவுக்கு எப்போது தெரியவரும் என்று காத்திருந்தார்கள். குடும்ப மானம் என்ற ஒரே கேள்வி மற்ற மூவரையும் விழுங்கிவிட்டது. நூற்றுப்பத்துப் பக்கங்களை எடுத்தேன். வருத்தம்தான், ஆனால் அவள் போன பிறகே மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

அமெரிக்கப் பெண்கள் 'அடி', 'போடி' என்று பேசிக்கொள்வது பொருத்தமா?

அவர்கள் ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் எவ்வளவு உரிமையோடு அழைத்துக்கொள்வார்கள் என்பதை நான் காதால் கேட்டவள். அந்த உரிமைக்குத் தமிழில் 'டி' தவிர வேறு ஒலி இல்லை. ரூபியும் ஜேடும் சண்டைக்குப் பிறகு 'டி' போடாமல் 'நீ' என்று மட்டும் பேசிக்கொள்ளும் 40 பக்கங்கள் உண்டு. எத்தனை பேர் கவனித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

டகோட்டாவுக்கு ஜேட் மேல் காதலா?

சிலர் அப்படிப் படிக்கிறார்கள். படிக்கலாம். நான் அப்படி எழுதவில்லை. இரண்டு பெண்களுக்கு இடையே இவ்வளவு பிரியம் இருந்தால் அதற்குக் காதல் என்று பெயர் வைத்தால்தான் மதிப்பு என்று நினைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ஜேட் டகோட்டாவின் காதில் சொல்லும் பெயர் என்ன?

கையெழுத்துப் பிரதியில் அது இருந்தது. மெய்ப்புப் பார்த்த என் தோழி அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: "அவள் டகோட்டாவிடம் சொன்னாள். நம்மிடம் சொல்லவில்லை." அப்படியே விட்டுவிட்டேன்.